பன்னிரண்டு வயதில் தொழில் விதிக்கும் ஊர்
(திண்டுக்கல்லில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு கதைப் புத்தகம். அதற்கொரு கூட்டமா என்று சிலர் கேட்கலாம். புராணக் கதைக்கு விடிய விடியக் கண்விழித்த ஊரில், இதற்கு ஒரு மணி நேரம் கொடுப்பதால் யாதொரு நஷ்டமும் வந்துவிடாது. அமெரிக்காவில் லோயிஸ் லோரி என்ற அம்மையார் பிள்ளைகளுக்காக எழுதி, 1993-ல் வெளிவந்த 'தி கிவர்' என்பதே அப்புத்தகம். 'கொடுப்பவர்' என்று பொருள் கொள்ளலாம். 1994-ல் குழந்தை நூலுக்குரிய நியூபெரி பதக்கம் பெற்றது. அந்நாட்டிலேயே பல பெற்றோர்கள் இதைப் பள்ளிக்கூடத்திலிருந்து அகற்ற வேண்டுமென்று கிளர்ச்சியும் செய்தார்கள். படிக்கத் தகுந்த புத்தகம் என்பதற்கு இரண்டுமே அத்தாட்சிதான்!

கதை என்னவென்றால், ஓர் ஊர். அங்கே பசியில்லை, சண்டையில்லை, திருட்டில்லை. ஆனால் ஜனங்களின் கண்ணுக்கு நிறமும் தெரியாது. யாருக்கு யார் ஜோடி என்பதைப் பெரியோர் சபை தீர்மானிக்கும். பிள்ளைக்கு 12 வயதானால் சபை கூடி, உனக்கு இன்ன வேலை என்று விதித்துவிடும். பழங்காலத்து நினைவுகள் யாவும், அதாவது யுத்தம், பட்டினி, வெயில், பனி, அன்பு எல்லாம், ஒரே ஒரு கிழவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. விதிப் புத்தகம் போன்ற இரண்டொன்று தவிர, புத்தகங்களும் அவர் வீட்டில் மாத்திரமே. ஜோனாஸ் என்ற பையனை அவருக்கு வாரிசாக நியமிக்கிறார்கள். கிழவர் நினைவுகளை ஒவ்வொன்றாய்க் கொடுக்கக் கொடுக்க, பையனுக்குக் கண் திறக்கிறது.

இதில் நம்மை மிகவும் உலுக்கிய இடம் ஒன்று உண்டு. அவ்வூரில் வார்த்தையைச் சுத்தமாகப் பேசவேண்டுமென்று கடுமையான கட்டுப்பாடு. பசியால் சாகிறேன் என்று பையன் சொன்னால், நீ சாகவில்லை, உனக்குப் பசி, அவ்வளவே என்று திருத்துவார்கள். அத்தனை சுத்தம் பார்க்கிறவர்கள், கிழவர்களையும், இளைத்த குழந்தைகளையும், விதி மீறியவர்களையும் 'விடுவித்து' அனுப்புவதாகச் சொல்லுகிறார்கள். விடுவிப்பதென்றால் என்ன? இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததை ஜோனாசின் தகப்பனாரே ஊசி போட்டுக் கொன்று, பெட்டியிலிட்டுத் தள்ளிவிடுகிறார். சிரித்த முகத்தோடு, கொஞ்சு மொழி பேசிக்கொண்டே செய்கிறார். அவர் கொடியவரல்ல; தாம் செய்வது கொலை என்று அவருக்குத் தெரியவே தெரியாது. சர்க்கார் ஒரு சொல்லை மாற்றிவிட்டால் நல்ல மனிதனும் என்னவாகிறான் பாருங்கள்!

இது அமெரிக்க அம்மையாரின் கற்பனை, நமக்கென்ன என்று நினைக்கிறீர்களா? தோழர்களே, 12 வயது வரையிலாவது அவ்வூரார் பிள்ளையின் சுபாவத்தையும் திறமையையும் கவனித்துத்தான் வேலை விதித்தார்கள். நம் நாட்டில் அந்தச் சிரமம்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பன் யார் என்று கேட்டால் போதும்! 1953-ல் ராஜாஜி மந்திரிசபை ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்ததே, அதற்குக் குலக்கல்வி என்று நாம் பெயர் வைத்தோம். சர்க்கார் வைத்த பெயரோ 'மாற்றியமைக்கப்பட்ட ஆரம்பக் கல்வி'. சொல்லைக் கவனியுங்கள்! பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம். மீதி வேளை தகப்பன் தொழிலைப் பழகு. அதுவும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாத்திரம். திண்டுக்கல் நகராட்சிக்குள்ளிருந்த பிள்ளைக்கு முழு நேரப் படிப்பு; எல்லைக்கு வெளியே குயவர் மகன் சக்கரத்தண்டை, சலவைத் தொழிலாளி மகன் துறையண்டை! எதிர்ப்பு வலுத்தது, ராஜாஜி 1954-ல் விலகினார், காமராஜர் வந்து அத்திட்டத்தைக் கைவிட்டார்.

இன்னும் பழையது கைரேகைச் சட்டம். திண்டுக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய மதுரை ஜில்லாவில், பிறந்த ஜாதியைக் கொண்டே மனிதனைக் குற்றவாளி என்று பதிந்து, ரேகை வாங்கி, வெளியூர் போகச் சீட்டுக் கேட்டார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 3-4-1920-ல் போலீசார் சுட்டதில் பலர் மாண்டார்கள். 1947 வரை அச்சட்டம் இம்மாகாணத்தில் இருந்தது. இவற்றை நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? அவ்வூரில் நினைவைச் சபை பிடுங்கிக்கொண்டது. இங்கே யாரும் பிடுங்கவில்லை, நாமே சொல்லாமல் இருந்துவிட்டோம்.

இப்புத்தகத்தைக் காட்டி, சமத்துவம் வந்தால் இப்படித்தான் ஆகும் என்று சிலர் கிளம்பக்கூடும். அது சுத்தப் பித்தலாட்டம். அவ்வூரில் சமத்துவம் எங்கே இருக்கிறது? பிள்ளை பெறுவதற்கென்றே சில பெண்களை ஒதுக்கி, மூன்று பெற்றதும் ஆயுள் முழுதும் கூலி வேலைக்குத் தள்ளுகிறார்கள்; அவர்களுக்கு மதிப்பும் இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சட்டை போடுவது வேறு, எல்லோருக்கும் ஒரே மதிப்புத் தருவது வேறு.

முடிவில் ஜோனாஸ், கொல்லப்படவிருந்த ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் ஊரைவிட்டு ஓடுகிறான். பிழைத்தானா, பனியில் மாண்டானா என்பது விளங்காமலே புத்தகம் முடிகிறது. நமக்கு அது குறையாகப் படவில்லை, பிள்ளைகள் வாதாடட்டும். பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை இங்கிலீஷில் படிக்கத் தெரிந்த பிள்ளை படித்து, மற்றப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லட்டும். 1953-ல் கிராமப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்று ஏறக்குறைய எண்பது வயது இருக்கும். இக்கூட்டத்திலேயே சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கதை சொல்லும் அன்று நீங்களும் வந்து, அந்த மூன்று மணி நேரம் போக மீதி வேளையில் உங்களை எங்கே அனுப்பினார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.