ஜோகன்னஸ்பர்க்கில் என் ஞாயிற்றுக்கிழமைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்ட செயலாளர் அவர்கள், "டிரான்ஸ்ஃபார்மரைப் பத்திப் பேசிடாதேப்பா, சாப்பாட்டுக்கு முந்தின நிகழ்ச்சி" என்று கேட்டுக்கொண்டார். ஆகவே ஊர் சுற்றிய கதையைச் சொல்கிறேன்.

2023ஆம் ஆண்டு ஒரு சப்ஸ்டேஷன் வேலைக்காக ஆறு மாதம் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் இருந்தேன். அந்த வருஷம் அங்கே மின்வெட்டு கடுமை. நம்ம ஊரில் 2012-ல் பட்டபாடு நினைவிருக்கிறதல்லவா, அதே கதைதான். முதல் இரண்டு மாதம் எங்கள் குழுவுக்குத் தெரிந்த ஊர் மூன்றே இடம்: தங்கும் விடுதி, வேலைத்தளம், சாண்ட்டன் பகுதியின் கடைவளாகம். "டவுன் பக்கம் போகாதீங்க, பர்ஸ் போயிடும்" என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். போதாததற்கு எங்கள் குழுத்தலைவர், "1886-ல தங்கம் கிடைச்ச பிறகு முளைச்ச ஊர். இங்க பார்க்க என்னய்யா இருக்கு, கோயிலா குளமா?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நானும் நம்பினேன்.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிறு, பொழுது போகாமல் நாலு பேர் ஒரு வேன் பேசிக்கொண்டு சொவேட்டோ போனோம். நிறவெறி ஆட்சியில் கறுப்பின மக்களை நகரத்துக்கு வெளியே, தென்மேற்கில் ஒதுக்கி வைத்த பகுதி அது. வழிகாட்டியாக வந்தவர் அறுபதைத் தாண்டிய பெரியவர், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்.

தூரத்திலேயே இரண்டு பிரம்மாண்டமான கூலிங் டவர்கள் தெரிந்தன, மேலிருந்து கீழ்வரை பளிச்சென்ற ஓவியங்களோடு. ஆர்லாண்டோ அனல் மின் நிலையம். 1940களில் ஓடத் தொடங்கி 1998-ல் மூடப்பட்டது. தொழில் புத்தி போகுமா? "எத்தனை மெகாவாட்?" என்று கேட்டேன். "முந்நூறு" என்றார் பெரியவர். "புகை எங்களுக்கு, கரண்ட் நகரத்துக்கு." அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டில் மெழுகுவர்த்தியும் கரியடுப்பும்தான். பதினாலு வருஷமாக லைன் இழுக்கும் வேலையில் இருக்கிறேன். லைன் எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறேனே தவிர, யார் தலைக்கு மேலே, யாருக்கு ஒன்றும் தராமல் போகிறது என்று பார்த்ததில்லை.

அங்கிருந்து ஹெக்டர் பீட்டர்சன் நினைவிடம். பாதிப் பாடங்களை ஆஃப்ரிகான்ஸ் மொழியில்தான் படிக்க வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து, 1976 ஜூன் 16 அன்று பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. குண்டடிபட்ட சிறுவன் ஹெக்டரை ஒரு மாணவர் தூக்கிக்கொண்டு ஓட, அக்கா பக்கத்தில் அலறிக்கொண்டு ஓடும் படத்தைச் சாம் ன்ஸிமா எடுத்தார். உலகம் முழுவதும் வெளிவந்த படம். "அன்னைக்கு எனக்குப் பதினஞ்சு வயசு. ஊர்வலத்துல பின்னாடி வந்துகிட்டிருந்தேன்" என்றார் பெரியவர். அதற்கு மேல் சொல்லவில்லை. "நீங்க உள்ளே போய்ப் பாருங்க" என்று வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

மண்டேலா, டூட்டு என்று நோபல் பரிசு பெற்ற இருவர் வாழ்ந்த விலகாஸி தெருவில் ஒரே கூட்டம், பாட்டுச் சத்தம், பொம்மைக் கடைகள். எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. கிளிப்டவுன்தான் மனசைப் பிடித்தது. 1955-ல் சுதந்திர சாசனத்தை நிறைவேற்றிய மைதானம் அங்கே இருக்கிறது. ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் தகரக் குடிசைகள். எங்களில் ஒருவர், குழாயடியில் நின்ற ஒரு அம்மாவைப் படமெடுக்க செல்போனைத் தூக்கினார். பெரியவர் அவர் கையை மெதுவாக இறக்கி, "கேட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான். வேனில் அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. அந்த ஆள் நான்தான் என்பதை இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு வாராவாரம் அவரோடு போனேன். நிறவெறி அருங்காட்சியகத்தில் டிக்கெட்டே இரண்டு வகை: வெள்ளையர், வெள்ளையர் அல்லாதார். யாருக்கு எது என்பது குருட்டு அதிர்ஷ்டம். என் நண்பனும் நானும் வெவ்வேறு வாசலில் போனோம். சிரித்துக்கொண்டுதான் பிரிந்தோம். உள்ளே, அரசியல் காரணத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களுக்காக 131 சுருக்குக் கயிறுகள் தொங்குகின்றன. அங்கே சிரிப்பு நின்றுபோனது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கான்ஸ்டிடியூஷன் ஹில். பழைய கோட்டைச் சிறை. காந்தியடிகள் அடைபட்டிருந்தார், 1962-ல் மண்டேலாவும். சிறை 1983-ல் மூடப்பட்டது. 2004-ல் அதே வளாகத்தில் நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றத்தைத் திறந்தார்கள். விசாரணைக் கைதிகளை வைத்திருந்த கட்டடத்தை இடித்தபோது, அதன் மாடிப்படிக் கூண்டுகளை மட்டும் அப்படியே நிறுத்திவிட்டு, செங்கல்லை எடுத்து நீதிமன்றச் சுவரில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நீதிபதிகள் அமரும் கூடத்தில் நீளவாக்கில் ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் வழியே வெளியில் நடப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். சிவில் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஒரு கட்டடத்தைப் பார்த்து நான் வாய் பிளந்தது அன்று ஒருநாள்தான்.

கிளம்பும்போது பெரியவர், "நீங்க தமிழ்தானே? இன்னும் ஒரு இடம் பாக்கி" என்று பக்கத்திலுள்ள பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே தில்லையாடி வள்ளியம்மையின் நினைவுக்கல். 1913 சத்தியாகிரகத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது வயது பதினாறு. இன்னொரு கல், 1909-ல் சிறைக் கொடுமையால் இறந்த சாமி நாகப்பனுக்கு. அவருக்குப் பதினெட்டு. இரண்டையும் காந்தியடிகளே நாடு திரும்புமுன் 1914 ஜூலையில் திறந்துவைத்தார்.

அந்த அம்மையார் பிறந்து வளர்ந்த ஊரே ஜோகன்னஸ்பர்க்தான். ஐந்து மாதமாக அந்த ஊரில் இருந்த எனக்கு அது தெரியாது. "உங்க ஊர்ல இவங்களைத் தெரியுமா?" என்றார் பெரியவர். சென்னை எழும்பூரில் அவர் பெயரில் மாளிகை இருக்கிறது, அங்கே கைத்தறிப் புடவை விற்கிறார்கள் என்றேன். "பள்ளிக்கூடத்துல?" "ஒரு பாடம் இருந்தது. இரண்டு மார்க் கேள்வி."

"எங்களுக்கு அதுவும் கிடையாது" என்றார் அவர்.

கையில் பூ ஒன்றும் கொண்டுபோகவில்லை. கல்லின்மேல் கிடந்த சருகுகளைக் கையால் தள்ளிவிட்டு வந்தேன்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாடு ஆறுகிறது.