சாதியைப் படிக்காத ஆலோசகர்



பள்ளிகளுக்கு மனநல ஆலோசகர் வேண்டுமா என்ற விவாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்த 17 வயதுப் பெண்ணின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 100 பேரும் அதற்கு மேலும் படிக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும், பயிற்சி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களைப் பாகுபாடு இல்லாமல் நடத்த ஊழியர்கள் எல்லோருக்கும் பயிற்சி தர வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. முதல் பகுதியைப் பேசுகிறவர்கள் இரண்டாவதைப் பேசுவதில்லை. நான் அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஆலோசகரை நியமிக்கலாம், அவருக்கு என்ன கற்றுக்கொடுக்கப் போகிறோம்?

என் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தென் மாவட்டங்களில் நடந்த சில பயிற்சி வகுப்புகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். தேர்வு பயம், செல்போன், காதல், போதை, கோபத்தை அடக்குவது, மூச்சுப் பயிற்சி என்று போகும். எல்லாம் தேவைதான், கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஆனால் ஒரு இரண்டு நாள் பயிற்சியில் சாதி என்ற சொல் ஒரே ஒரு தடவைதான் வந்தது. தாமதமாக வந்த ஆசிரியர் ஒருவர், சாதிச் சான்றிதழ் வேலையாகத் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்ததாகச் சொன்னபோது!

நாங்குநேரியை நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் பிளஸ் டூ படித்த தலித் மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்கு முன்னால் நடந்ததைத்தான் ஆலோசகர் பயிற்சியில் முதல் பாடமாக வைக்க வேண்டும் என்கிறேன். அவன் பள்ளிக்கு வராமல் இருந்தான். ஏன் என்று விசாரித்தார்கள். தனக்கு நடக்கும் தொல்லையைச் சொன்னான். அது புகாராகப் பள்ளிக்குப் போனது. அதன் பிறகுதான் அரிவாள் வந்தது.

அதாவது அவன் பேசினான். "மனசு விட்டுப் பேசு, எல்லாம் சரியாகும்" என்றுதானே எல்லாப் பயிற்சியும் சொல்லித் தருகிறது? சாதி இருக்கும் ஊரில், பேசிய பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது. பிள்ளை சொன்னது யார் யார் காதுக்குப் போகும், அன்று சாயங்காலம் எந்த பஸ்ஸில் யாரோடு வீட்டுக்குப் போவான், வீட்டில் யார் இருப்பார்கள், அவன் சொன்னது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமா, குற்றமென்றால் யாரிடம் போவது: இதெல்லாம் தெரியாத ஆலோசகர் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் பிரயோஜனம் இல்லை. இரண்டு தரப்பையும் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டுக் கை குலுக்க வைப்பதற்குப் பெயர் ஆலோசனை இல்லை. ஆலோசகரே தலைமையாசிரியருக்குக் கீழே வேலை பார்த்தால், பள்ளியின் பேர் கெடக் கூடாது என்பதுதான் அவருக்கும் முதல் விதியாகிவிடும்.

இன்னொரு சிக்கல், பிள்ளைக்கு நாம் ஒட்டுகிற பெயர். பள்ளியில் தனியாக உட்காரக் கோணிச் சாக்கைத் தினமும் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போன, பியூன் இல்லாவிட்டால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாத அந்தச் சிறுவன் பீமாராவை இன்றைய ஆலோசகர் ஒருவர் பார்த்தால் படிவத்தில் என்ன எழுதுவார்? "கூச்ச சுபாவம், பிறரோடு பழகுவதில்லை, தன்னம்பிக்கைப் பயிற்சி தேவை." சாக்கைப் பற்றி எழுத அந்தப் படிவத்தில் இடமே இருக்காது.

பிள்ளைகள் "மன அழுத்தம்" என்று சொல்ல மாட்டார்கள். "வயித்த வலிக்கு டீச்சர்" என்பார்கள். நான் சந்தித்த ஆலோசகர் அக்கா ஒருவர், வயிற்று வலி எந்தக் கிழமை, எந்த பீரியடில் வருகிறது என்றுதான் முதலில் குறித்துக்கொள்கிறார். ஒரு பையனுக்கு விளையாட்டு பீரியடில் மட்டும் வந்தது. கபடிக்கு ஆள் பிரிக்கும்போது அவனை யாரும் கூப்பிடுவதில்லை. தொட்டு விளையாடும் ஆட்டமல்லவா! இதை எந்தப் பயிற்சியும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அவரும் சேரியிலிருந்து படித்து வந்தவர். யாரை ஆலோசகராக எடுக்கிறோம் என்பதும் பயிற்சியில் பாதி.

கயிறு கட்டிய பையன்களுக்கும் ஆலோசனையா என்று சில தோழர்கள் என்னிடம் கோபப்பட்டிருக்கிறார்கள். ஆமாம், அவர்களுக்கும்தான். மன்னிப்பாக இல்லை. அந்தக் கயிற்றை அண்ணன்மார்கள் திருவிழாவில் கட்டிவிடுகிறார்கள். பள்ளியில் கழற்றச் சொன்னால் சட்டைப் பைக்குள் போகும், பஸ் ஸ்டாப்பில் திரும்பக் கைக்கு வரும். 15 வயதில் அவனோடு உட்கார்ந்து பேச ஆள் இல்லையென்றால், பேசுவதற்குச் சாதிச் சங்கத்தில் ஆள் இருக்கிறது. ஆனால் ஒன்று: வெட்டியவனுக்கும் வெட்டுப்பட்டவனுக்கும் ஒரே ஆலோசகர், ஒரே அறை என்பது கூடவே கூடாது.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறும் நெற்றித் திலகமும் மட்டும் தொலைக்காட்சி விவாதம் ஆயின. 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் என்ற பணியிடம் உருவாக்கச் சொன்ன பரிந்துரையை அநேகம் பேர் மறந்தே போனார்கள். அந்தப் பணியிடத்தைக் கேட்போம். கேட்கும்போதே, அவர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழில் பொதுவெளியில் வைக்கச் சொல்லியும் கேட்போம். அதை எழுதும் குழுவில் உளவியல் பேராசிரியர்களோடு, தீண்டாமை வழக்குகளைப் பார்த்த வழக்கறிஞர்களும் விடுதி மாணவர்களும் உட்கார வேண்டும்.

வயிற்று வலிக்குக் கிழமை குறித்துக்கொள்ளும் அந்த அக்கா இன்றைக்கும் பல பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே ஆளாகச் சொந்த ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருக்கிறார். பெட்ரோலுக்குத் தனிப் படி கிடையாது. மீதியைக் கேள்வி நேரத்தில் பேசலாம்.