பந்தயக் கார் லைசென்ஸ் வாங்கிய கதை
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"குட்டியானை ஓட்டுற பொண்ணு கார் ரேஸ் லைசென்ஸ் வாங்கியிருக்காளாம்" என்று பேச்சு வந்ததிலிருந்து, ஆளுக்கொரு கேள்வி கேட்கிறீங்க. எல்லாத்துக்கும் சேர்த்து இன்னைக்குப் பதில் சொல்லிடறேன்.

குழுக் கடனில் குட்டியானை வாங்கி ஆறு வருஷமாகத் தேங்காய் லோடு அடிக்கிறேன். கோயமுத்தூர் போகும் வழியில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. கரிவரதன் என்ற கோவைக்காரர் நினைவாகப் பெயர் வைத்து, 2003இல் திறந்த பந்தய ஓடுபாதை அது. மாருதி எஞ்சினை வைத்து, புதிதாக வருகிறவர்களும் ஓட்டும்படி குறைந்த செலவில் பந்தயக் கார் செய்தவர் அவர். 1995இல் சிறு விமான விபத்தில் இறந்துட்டார்.

ஒரு நாள் அங்கே பந்தயம் பார்க்கப் போனேன். காரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழட்டினதும் ஒருத்தருக்குப் பின்னல் தொங்கிச்சு. பொம்பளைப் பிள்ளை! அன்னைக்குத்தான் எனக்கும் ஆசை வந்தது.

சாதாரண லைசென்ஸ் ஆர்.டி.ஓ. ஆபீசில் தர்றாங்க. பந்தய லைசென்ஸ் தருவது இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு. ஆமாங்க, அவங்களும் நம்மைப் போலக் கூட்டமைப்புத்தான். அங்கே விண்ணப்பம் போடும் முன்னால், பயிற்சிப் பள்ளியில் ஓட்டிக் காட்டிச் சான்றிதழ் வாங்கணும். உடல் தகுதிக்கு டாக்டர் சான்றிதழ் வேணும். ரத்த வகையையும் எழுதிக் கொடுக்கணும். அது எதுக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் பெரியம்மா ஒருத்தர் கேட்டாங்க: "கை கால் போச்சுன்னா உன் தவணையை யார் கட்டுவா கண்ணு?" எனக்குக் கோபம் வந்துடுச்சு. வீட்டுக்குப் போய் யோசிச்சால், நியாயமான கேள்வி. அடுத்த கூட்டத்தில் பயிற்சிப் பள்ளிப் படிவத்தை எல்லார் முன்னாலயும் படிச்சேன். உயிருக்கும் உடம்புக்கும் நானே பொறுப்பு. காருக்குச் சேதம் வந்தால் நான் கட்டணும். காப்பீட்டு ஏஜென்டிடமும் விசாரிச்சேன். சாதாரண வண்டி பாலிசியில் பந்தயத்துக்கு இழப்பீடு கிடையாது என்றார்.

குழுவில் தீர்மானம் எழுதினோம். குழுப் பணத்திலிருந்து ஒரு ரூபாய்கூட இதுக்குக் கிடையாது. மூணு தவணையை முன்கூட்டியே கட்டிட்டுத்தான் போகணும். ரெண்டுக்கும் ஒத்துக்கிட்டேன். என் ஒரு வருஷச் சேமிப்பு, இரண்டு நாள் பயிற்சிக்குப் போச்சு.

முதல் நாள் பாதி நேரம் வகுப்புத்தான். பச்சைக் கொடி, பாதை சரியாயிருச்சு. மஞ்சள் கொடி, முன்னால் ஆபத்து. வேகத்தைக் குறைக்கணும், யாரையும் முந்தக் கூடாது. நீலக் கொடி, பின்னால் வேகமான கார் வருது, வழி விடு. சிவப்புக் கொடி, ஓட்டம் நிறுத்தப்பட்டது. கறுப்பில் ஆரஞ்சு வட்டம், உன் காரில் கோளாறு, உள்ளே வா.

அப்புறம் தீ தாங்கும் உடுப்பு, கையுறை, ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் கருவி எல்லாம் மாட்டி, சீட்டோடு சேர்த்துப் பட்டைகளால் இறுக்கிக் கட்டினாங்க. பிரேக்கை நேராகப் போகும்போதே அடிக்கணும், வளைவுக்குள் போய் அடிச்சால் கார் சுத்திக்கும். நீள லாரி தெரு முனையில் அகலமாக எடுத்துத் திரும்புது பாருங்க, அது மாதிரி வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்தைத் தொட்டு மறுபடி வெளி ஓரத்துக்கு வந்தால் வளைவு விரியும், வேகம் குறையாது. லோடு வண்டி ஓட்டின கைக்கு இதெல்லாம் சீக்கிரம் வந்துடுச்சு. பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் ஒரு கார் வளைவில் சுத்தி மண்ணில் இறங்கிடுச்சு. மஞ்சள் கொடி ஆட்டினாங்க. எனக்கு முன்னால் போனவர் வேகத்தைக் குறைச்சார். நான் சடாரென்று அவரை முந்திட்டேன். உடனே உள்ளே கூப்பிட்டாங்க. பயிற்சியாளர் சொன்னார்: "வண்டி நல்லா ஓட்டுறீங்கம்மா. ஆனா சான்றிதழ் தர முடியாது. அந்த வளைவு ஓரத்தில் ரெண்டு பேர் நின்னாங்க. பார்த்தீங்களா?"

நான் பார்க்கவே இல்லைங்க.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். கூட்டத்தில் மறைக்காமல் சொன்னேன். அந்தப் பெரியம்மா சொன்னாங்க: "ஒருத்தி தவணை தவறினா பத்து வீட்டுக்கும் கஷ்டம். அங்கேயும் அப்படித்தான் போல." அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குப் புரிஞ்சது. லைசென்ஸ் என்பது வேகமாக ஓட்டத் தரும் அனுமதின்னு நான் நினைச்சிருந்தேன். பக்கத்தில் ஓட்டுறவரும், ஓரத்தில் கொடி பிடிச்சு நிற்கிறவரும் நம்மை நம்பலாம் என்பதற்கான சான்று அது.

மறுபடி பணம் சேர்க்க நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசமும் லோடு அடிக்கும்போது ரோட்டோரம் யார் நிற்கிறாங்கன்னு பார்த்துப் பழகினேன். இரண்டாம் முறை மஞ்சள் கொடி வந்ததும் கால் தானாகவே எழுந்துக்குச்சு. சான்றிதழும் கிடைச்சது, லைசென்ஸும் வந்துடுச்சு. வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்கணும்.

இன்னும் பந்தயத்தில் ஓட்டலைங்க. நோவிஸ் கப் என்று புதியவர்களுக்கென்றே ஒரு போட்டிப் பிரிவு இருக்கு. அதில் ஓட்ட நுழைவுக் கட்டணம், கார் வாடகை எல்லாம் சேர்க்கணும். குழுக் கடனை முடிச்ச பிறகுதான் அது.

கடைசியாக ஒண்ணு. நம் பிள்ளைகள் ராத்திரியில் பைபாஸில் ரேஸ் விடுறாங்க. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி அது குற்றம். ஆசை இருக்கிற பிள்ளையை "ஓட்டாதே" என்று மட்டும் சொல்லாதீங்க. ஓடுபாதைக்குக் கூட்டிட்டுப் போங்க. மகளாக இருந்தாலும் கூட்டிட்டுப் போங்க. அங்கே நீட்டுற படிவத்தை மட்டும், நம்ம குழுவில் படிக்கிற மாதிரி, ஒரு வரி விடாமல் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க.