எழுந்து நிற்கட்டும் எம் ஆசிரியைகள்



எமக்குக் கற்பித்த ஆசிரியைகள் சிலர் இன்று முதியோர் இல்லங்களில் இருக்கிறார்கள். விழுந்துவிடுவார்கள் என்ற பயத்தில் நாற்காலியிலேயே இருத்தி வைக்கிறோம். இருக்க இருக்கக் கால்கள் பலமிழந்து, விழும் அபாயமே கூடுகிறது.

பொஸ்டன் நகரப் பராமரிப்பு நிலையமொன்றில் 100 முதியோரிடம் செய்த ஆய்வு 1994இல் வெளியானது. சராசரி வயது 87. பத்து வாரம் பாரப் பயிற்சி செய்தவர்களின் தசைப்பலம் இருமடங்கைத் தாண்டியது.

நெதர்லாந்தில் மாஸ்திரிக்ட் பல்கலைக்கழகமும் பராமரிப்பு நிலையங்களும் 1998 முதல் கூட்டாக ஆய்வு செய்கின்றன. ஆய்வாளர் வாரத்தில் ஒருநாள் நிலையத்திலேயே பணியாற்றுவார். தாதியரின் அன்றாடச் சிக்கல்களே ஆய்வுக் கேள்விகளாகின்றன.

எம்மிடையே வைத்தியர், இயன்மருத்துவர், தாதியர், விரிவுரையாளர் இருக்கிறோம். நூற்றாண்டு நினைவாக ஓர் இல்லத்தோடேனும் இவ்வாறு கைகோர்ப்போம். நாம் எழுந்து நின்று வணக்கம் சொன்னவர்கள், மீண்டும் எழுந்து நிற்கட்டும்.