குடல் நோய்க் கண்காணிப்பில் கேளா ஒலி

அறுவை சிகிச்சை முடிந்ததும் நோயும் முடிந்துவிட்டது என்று எண்ணுவது மக்கள் இயல்பு. பெருங்குடல் புண் அழற்சியைப் பொறுத்தவரை அது முழு உண்மையன்று. மருந்துக்கு அடங்காத நிலையில் பெருங்குடலையும் மலக்குடலையும் மருத்துவர்கள் அகற்றுகின்றனர். பின்னர்ச் சிறுகுடலின் கடைப்பகுதியை மடித்துத் தைத்துப் பை போலாக்கி, ஆசனவாயுடன் இணைக்கின்றனர். லண்டனில் ஆலன் பார்க்ஸ், ஜான் நிக்கல்ஸ் ஆகிய இருவரும் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்முறை, வயிற்றில் துளையிட்டு அதன்மேல் உறை பொருத்திக்கொண்டே வாழ்நாளைக் கழிக்கும் நிலையிலிருந்து பலரை விடுவித்தது. ஆயினும் குடற்பை அமைக்கப்பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு என்றேனும் ஒரு முறை அப்பையிலேயே அழற்சி தோன்றுகிறது.

இது மேலை நாட்டவர் நோய் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பஞ்சாபின் லூதியானாவில் வீடுவீடாக நடத்தப்பெற்று 2003இல் வெளியான ஆய்வு அக்கருத்தை மாற்றியது. சோதிக்கப்பட்ட 51,910 பேரில் 23 பேருக்கு இந்நோய் இருந்தது. அதாவது இலட்சத்துக்கு 44 பேர். உழைத்துப் பொருளீட்டும் வயதினரையே இது பெரிதும் பற்றுவதால், குடும்பத்தின் வருவாயும் உடன் தளர்கிறது.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் தில்லியில் அமைந்த அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தை நாடி உத்தரப் பிரதேசம், பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து நோயாளிகள் வருகின்றனர். அறுவைக்கு ஒரு முறை வருவது கடினமெனினும் இயலும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் சோதனைக்கு வருவதோ பலருக்கு இயலாது. இரயில் கட்டணம், தங்குமிடச் செலவு, உடன் வருபவர் இழக்கும் கூலி ஆகிய எவையும் மருத்துவமனைக் கணக்கில் ஏறுவதில்லை. ஆனால் சிகிச்சையின் உண்மையான விலையில் அவையும் அடங்கும்.

அடிக்கடி மலம் கழிதல், அடக்க இயலாமை, வயிற்று வலி ஆகியவை குடற்பை அழற்சியின் அறிகுறிகள். உணவு ஒவ்வாமையாலும் வேறு கிருமித் தொற்றாலும் இதே தொல்லைகள் வரக்கூடும். உள்ளே பாராமல் ஊகத்தின் பேரில் மெட்ரோனிடசோல், சிப்ரோபிளாக்சசின் போன்ற மருந்துகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், பணம் வீணாவதோடு மருந்துக்கு மசியாத கிருமிகளும் பெருகும். எண்டாஸ்கோப்பி மூலம் உள்ளே பார்ப்பதே உறுதியான வழி. ஆனால் சில வாரங்களுக்கொரு முறை அதனைச் செய்ய நோயாளியின் உடலும் இசையாது, கைப்பொருளும் இசையாது.

இவ்விடத்தில்தான் கேளா ஒலி அலைகள் துணைக்கு வருகின்றன. 1958இல் கிளாஸ்கோ நகரின் இயான் டொனால்டு வெளியிட்ட ஆய்வுக்குப்பின் மகப்பேறு மருத்துவத்தில் பரவிய ஸ்கேன் கருவியே இங்கும் பயன்படுகிறது. நலமான குடற்சுவரின் தடிப்பு பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேற்படாது. அழற்சியுற்றால் சுவர் தடிக்கும். அதில் இரத்த ஓட்டமும் மிகும். இரண்டையும் திரையில் காணலாம். இடுப்பெலும்புக் கூட்டினுள் ஆழ்ந்திருக்கும் குடற்பையின் மேற்பகுதியை வயிற்றின் வழியாகவும், கீழ்ப்பகுதியை ஆசனவாயை அடுத்த தோலின் மீது கருவியை வைத்தும் நோக்குகின்றனர். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து இல்லை, குடலைக் கழுவ வேண்டியதில்லை.

எனினும் இதற்கும் எல்லை உண்டு. பருத்த உடலிலும் வாயு மிகுந்த குடலிலும் படம் தெளிவாக அமையாது. திசுவை எடுத்துச் சோதிக்கவோ, புற்றுநோயின் தொடக்கத்தை அறியவோ எண்டாஸ்கோப்பியே தேவை. யாருக்கு அச்சோதனை உடனே வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று பிரித்தறிய உதவுவதே ஸ்கேனின் பயன். மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்னும் புரதத்தின் அளவையும் உடன் பார்த்தால் முடிவு மேலும் வலுப்பெறும்.

அவ்வாறாயின் இது ஏன் மாவட்டந்தோறும் நடைபெறவில்லை? மாவட்ட மருத்துவமனைகளில் கருவி இருக்கிறது. குடலை அளந்து பார்க்கக் கற்ற கைதான் அரிது. கருவுற்ற பெண்களுக்கும், கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளுக்கும் உள்ள நெருக்கடியில், நேரம் எடுக்கும் இச்சோதனை பின்தள்ளப்படுகிறது. குடல் மருத்துவரே தம் அறையில் ஸ்கேன் செய்யலாமே எனில், கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமும், 2003இல் நடைமுறைக்கு வந்த திருத்தமும் நினைவிற்கொள்ளத் தக்கவை. கருவி இயங்கும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். இயக்குபவருக்குத் தகுதி வரையறுக்கப்பட்டுள்ளது. கருவியை விருப்பம்போல் எடுத்துச் செல்ல இயலாது.

இச்சட்டத்தைத் தடையென்று பழிப்பது பொருந்தாது. தில்லியில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 2001இல் 868 பெண் குழந்தைகளே இருந்தனர். 2011இல் 871 பேர். ஒரு கருவியின் தவறான பயன் எத்துணைக் கொடிது என்பதற்கு இவ்வெண்களே சான்று. சட்டத்தைத் தளர்த்தாமலே செய்யக்கூடியவை உள்ளன. பதிவு பெற்ற ஸ்கேன் அறையில் வாரத்தில் ஒரு நாளைக் குடல் நோயாளிகளுக்கு ஒதுக்கலாம். அங்குள்ள கதிரியக்க மருத்துவருக்குத் தில்லி போன்ற நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் குறுகிய காலப் பயிற்சி அளிக்கலாம். சுவரின் தடிப்பை மில்லிமீட்டரில் எழுதும் ஒரே படிவத்தை எங்கும் வழங்கினால், மாவட்டத்தில் எடுத்த அளவைத் தில்லி மருத்துவர் முந்தைய அளவோடு ஒப்பிட இயலும்.

புதிய கருவி வாங்கும் செலவைவிட இதற்கான செலவு சிறிது. அறுவையால் மீண்ட ஒருவர், அதன்பின் போக்குவரத்துச் செலவுக்கு அஞ்சிச் சிகிச்சையைக் கைவிட்டால், முன்பு செலவிட்ட பொதுப் பணமும் பயனற்றுப் போகும். அந்த இழப்பைத் தவிர்க்கும் வழி, அவருடைய ஊருக்கு அருகிலுள்ள ஸ்கேன் அறையிலேயே இருக்கிறது.