இயந்திரத்திலிருந்து மூக்கு வரை

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் தலைப்பு கேட்டபோது, "படுக்கையில் இருக்கிறவங்களுக்கு ஆக்ஸிஜன் டியூப் சிக்காம வைக்கிறது எப்படி" என்று சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அக்கா, இன்னும் கொஞ்சம் பெரிய விஷயமா பேசலாமே" என்றார். நான் விடவில்லை. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்த்துவருகிறேன். அங்கே நான் அதிகம் சண்டை போடுவது இந்த டியூபோடுதான்!

2021-இல் கோவிட் இரண்டாம் அலை வந்தபோது, கான்சன்ட்ரேட்டர் என்ற சொல் வீட்டுக்கு வீடு தெரிந்துபோயிற்று. காற்றில் ஆக்ஸிஜன் சுமார் 21 சதவீதம். இந்த இயந்திரம் சியோலைட் என்ற பொருளைக் கொண்டு நைட்ரஜனைப் பிடித்து நிறுத்தி, 90 சதவீதத்துக்கும் மேல் ஆக்ஸிஜன் உள்ள காற்றைத் தருகிறது. நல்ல இயந்திரம்தான். ஆனால் அது தருவதெல்லாம் சுண்டுவிரலை விட மெலிந்த ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாகத்தான் நோயாளியிடம் போய்ச் சேரவேண்டும். விலை கொடுத்த இயந்திரத்தைத் துடைத்து வைப்பார்கள். டியூப் எங்கே கிடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

சில மணி நேரம் மடங்கிக் கிடந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1981-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நாள்பட்ட நுரையீரல் நோயால் இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்துபோன 87 பேரை எடுத்துக்கொண்டார்கள். 42 பேருக்கு வீட்டில் தினம் குறைந்தது 15 மணி நேரம் ஆக்ஸிஜன்; மற்ற 45 பேருக்கு இல்லை. ஐந்து ஆண்டுகளில் முதல் பிரிவில் இறந்தவர்கள் 19 பேர், அடுத்த பிரிவில் 30 பேர். 1980-இல் அமெரிக்காவில் 203 பேரிடம் நடந்த ஆய்விலும், இரவு மட்டும் ஆக்ஸிஜன் எடுத்தவர்களை விட, ஏறக்குறைய நாள் முழுதும் எடுத்தவர்களே அதிகம் பிழைத்திருந்தார்கள். ஆக, இந்த வைத்தியத்தில் மருந்து என்பது மணிக்கணக்கு. ராத்திரி நான்கு மணி நேரம் டியூப் நசுங்கிக் கிடந்தால், அந்த நான்கு மணி நேர மருந்து நோயாளிக்குப் போகவில்லை என்றுதான் கணக்கு.

நடமாடுகிறவர் என்றால், மூச்சு முட்டினால் தானே டியூபை இழுத்துப் பார்த்துக்கொள்வார். பக்கவாதம் வந்து படுத்தவரால் அது முடியுமா? நாம்தான் அவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டுகிறோம். ஒவ்வொரு புரட்டலிலும் டியூப் தோளுக்கு அடியில் போகும், கட்டில் கம்பியில் மாட்டும், ஒரு முறுக்கு கூடும். அவருக்கோ சொல்ல வாய் வராது.

ஒரு வீட்டில் மருமகள் என்னிடம் சொன்னாள்: "சிஸ்டர், மாமாவுக்குப் பகல்ல 91 காட்டுது. ராத்திரி படுக்க வெச்சா 84-க்கு எறங்கிடுது. வியாதி முத்திடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க." தூக்கத்தில் அளவு கொஞ்சம் குறைவது உண்டுதான். ஆனாலும், "ராத்திரி எப்படிப் படுக்க வைப்பியோ, அதே மாதிரி இப்ப வைம்மா" என்றேன். தலைப்பக்கம் ஏற்றி இறக்கும் கட்டில் அது. டியூப் மெத்தைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவில் போயிருந்தது. பகலில் தலைப்பக்கம் உயர்ந்திருக்கும்போது இடைவெளி இருந்தது. கட்டிலைச் சமமாக இறக்கியதும் சட்டம் டியூபைக் கடித்துக்கொண்டது. வழியை மாற்றிப் போட்டோம். அன்று ராத்திரி 90-க்குக் கீழே இறங்கவில்லை. அந்த வீட்டில் அதற்குள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டியூப் மடங்கினால் இயந்திரத்தின் அளவுமானியில் உள்ள பந்து இறங்கும். வீட்டார் பயந்துபோய்க் குமிழைத் திருகி, பந்தை மேலே ஏற்றப் பார்ப்பார்கள். பிறகு யாரோ நோயாளியை நகர்த்துவார்கள், மடிப்பு விடுபடும். 2 லிட்டர் போகவேண்டிய இடத்தில் 4, 5 லிட்டர் பாயும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று நாம் படித்திருக்கிறோம். அவர்களில் சிலருக்கு அதிக ஆக்ஸிஜன் கொடுத்தால் கரியமில வாயு தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால்தான் சொல்கிறேன், டியூபைப் பார்க்காமல் குமிழைத் தொடாதீர்கள். டாக்டர் சொன்ன அளவை மாற்றவும் வேண்டாம்.

பந்தை மட்டும் நம்பினாலும் போதாது. டியூப் எங்காவது கழன்றிருந்தால், பந்து 2-இலேயே நிற்கும், ஈரப்பதக் குப்பியில் குமிழியும் வரும். எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். மூக்குக்கு ஒன்றும் போகாது. பந்து சரியாக நின்று குப்பியில் மட்டும் குமிழி வராவிட்டால், பெரும்பாலும் குப்பியின் மூடி சரியாக மாட்டியிருக்காது. ஆகவே கடைசிச் சோதனை மூக்கு முனையில்தான். ஒரு டம்ளரில் சுத்தமான தண்ணீர் எடுத்து, மூக்குக் குழாயின் நுனியை லேசாக முக்குங்கள். குமிழி வந்தால் ஆக்ஸிஜன் வருகிறது. துடைத்துவிட்டு உடனே மாட்டிவிடுங்கள். அரை நிமிட வேலை.

இனி, சிக்காமல் வைக்கும் முறை. தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, டியூபுக்கு ஒரே வழி. காதுகளைச் சுற்றி, தாடைக்குக் கீழே இறங்கி, அங்கிருந்து கட்டிலின் தலைமாட்டு நடுப்பகுதிக்குப் போகவேண்டும். பக்கவாட்டுக் கம்பி வழியாக விட்டால், ஒரு பக்கம் புரட்டும்போது இழுக்கும், மறு பக்கம் புரட்டும்போது உடம்புக்கு அடியில் போகும். தலைமாட்டு நடுவில் விட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். அங்கே ஒரு துணி நாடாவை வளையமாகக் கட்டி, அதற்குள் டியூபைத் தளர்வாக விடுங்கள். வளையத்துக்கும் தாடைக்கும் நடுவில் புரட்டுவதற்குப் போதுமான தளர்ச்சி, ஒரு முழம் அளவுக்கு, இருக்கட்டும். ரப்பர் பேண்டு போட்டு இறுக்குவது, ஊக்கைக் குத்துவது எதுவும் கூடாது.

இரண்டாவது, தேவைக்கு மேல் நீளம் வேண்டாம். மிச்சம் தரையில் சுருண்டு கிடந்தால் கட்டில் சக்கரம் ஏறும், நம் கால் தடுக்கும். புது டியூப் பாக்கெட்டில் சுருண்டபடி வரும். இழுத்து நீட்டாமல், கயிற்றுச் சுருளைப் பிரிப்பதுபோல் சுற்றுக்குச் சுற்று திருப்பிப் பிரியுங்கள். உள்ளே நட்சத்திர வடிவத் துளை உள்ள டியூபாகப் பார்த்து வாங்கினால், நசுங்கினாலும் கொஞ்சம் வழி இருக்கும். சுழலும் இணைப்பு ஒன்றைப் போட்டால் முறுக்கு ஏறாது.

மூன்றாவது, ஆக்ஸிஜன் தலைமாட்டுப் பக்கம், சிறுநீர்ப் பை டியூப் கால்மாட்டுப் பக்கம். இரண்டும் ஒன்றையொன்று கடக்கவே கூடாது.

நான்காவது, காதுக்குப் பின்புறமும் மூக்கின் கீழும் தினம் இரண்டு வேளை பாருங்கள். தோல் சிவந்திருந்தால் மெத்தென்று துணி வையுங்கள். வாசலின் போன்ற எண்ணெய்ப் பசை தடவவேண்டாம். அந்த அறையில் விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி, பீடி எதுவும் கூடாது. மூக்குக் குழாயைப் போட்டபடியே சாப்பிடலாம். கழற்றி ஓடவிட்டபடி மெத்தைமேல் போட்டால் போர்வையில் ஆக்ஸிஜன் தேங்கும், ஒரு பொறி போதும்.

ஐந்தாவது, முக்கியமானது. நோயாளியைத் தொட்ட ஒவ்வொரு முறையும், இயந்திரத்திலிருந்து மூக்கு வரை டியூபை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். புரட்டிய பின், துணி மாற்றிய பின், கட்டிலை ஏற்றி இறக்கிய பின், கரண்ட் போய் சிலிண்டருக்கு மாற்றிய பின். போர்வைக்கு அடியில் இருப்பதைக் கண் பார்க்காது, விரல் கண்டுபிடிக்கும்.

ஒன்று மறந்துவிடாதீர்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தால், கூப்பிட்டுப் பதில் வராவிட்டால், டியூபைத் தடவிக்கொண்டே நிற்கக்கூடாது. ஒருவர் டியூபைப் பார்க்கும்போதே இன்னொருவர் 108-க்குப் போன் செய்யவேண்டும்.

தோழிகளே, நம்மில் பலருக்கு இப்போது வீட்டிலேயே படுத்த படுக்கையாய் அம்மாவோ மாமியாரோ இருக்கிறார்கள். ராத்திரி பார்த்துக்கொள்ள வரும் பெண்ணுக்கு மாத்திரைச் சீட்டைக் காட்டுகிறோம். அவள் கையைப் பிடித்து, இந்த டியூப் போகும் வழியையும் ஒரு தரம் காட்டிவிடுங்கள். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டூட்டி மாறும்போது நோட்டில் "ஆக்ஸிஜன் 2 லிட்டர்" என்று எழுதுவதற்கு முன், அடுத்து வருகிறவரோடு சேர்ந்து ஒரு தரம் தடவிப் பாருங்கள். வகுப்புப் பயிற்சியில் இதையும் சேர்க்கும்படி முதல்வர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.