மறைக்கலாகாத வீக்கம்



பிறந்த ஊரை விட்டுத் தில்லி போன்ற தொலைநகர்களில் வாழும் நமக்குக் குழந்தை நோயுற்றால் இரண்டு குறைகள் உண்டு. அருகில் பெரியவர் இல்லை. மருத்துவரிடம் உரைக்கத் தக்க சொல்லும் வாய்ப்பதில்லை.

அண்மையில் நம் குடியிருப்பில் ஓர் இளந்தாயின் மூன்று திங்கள் ஆண்மகவு நீராட்டும்போது வீறிட்டழுதது. தொடையிடுக்கில் எலுமிச்சையளவு புடைப்பு எழுந்தது, உறங்கியதும் மறைந்தது. கூச்சத்தால் அத்தாய் மருத்துவரிடம், “குழந்தை மிகவும் அழுகிறது” என்று மட்டுமே சொன்னாள். உறங்கும் குழந்தையிடம் அவருக்கு ஒன்றும் புலப்படவில்லை. ஊரிலிருந்த பாட்டியாரோ, துணியால் இறுகக் கட்டுமாறு தொலைபேசியில் கூறினார். மறுமுறை, மொழிபெயர்ப்பே அலுவலான நாமும் உடன் சென்றோம். அங்கு அறிந்தவற்றைக் கூறுகிறோம்.

கருவில் ஆண் குழந்தையின் விரைகள் வயிற்றினுள் தோன்றி, பின்னரே விரைப்பைக்கு இறங்குகின்றன. அவற்றுடன் வயிற்றின் உட்சவ்வும் சிறு குழாய்போல் இறங்கும். நாளடைவில் அது மூடிக்கொள்வது இயல்பு. மூடாமல் நூலிழையளவு திறந்திருந்தால் நீர் மட்டும் கசிந்து தேங்கும்; அது ஹைட்ரோசீல். வழி அகன்றிருந்தால் குடலே இறங்கும், அது குடலிறக்கம். குறைமாதத்தில் பிறந்தோரிடம் இது மிகுதி. பெண் குழந்தைகளுக்கும் உண்டு. அவர்களிடம் சூற்பையும் இறங்கக்கூடும்.

நீர்வீக்கம் பெரும்பாலும் 1 அல்லது 2 வயதிற்குள் தானே வற்றும். குடலிறக்கமோ தானே ஆறாது, கட்டுத்துணியாலும் ஆறாது. ஒளிபாய்ச்சிப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்பலாகாது. கைக்குழந்தையின் குடலும் ஒளிரும். வீக்கம் எப்போது எழுந்தது, எப்போது மறைந்தது என்ற தாயின் சொல்லே பெருஞ்சான்று. கைப்பேசியில் எடுத்த படமும் உதவும்.

குடலிறக்கத்திற்கு அறுவையே மருந்து. மயக்க மருந்து கொடுத்து, தொடையிடுக்கின் மடிப்பில் சிறிது கீறி, இறங்கிய பையைப் பிரித்து அதன் கழுத்தைக் கட்டிவிடுகிறார்கள். பெரியவர்க்கு வைக்கும் வலை குழந்தைக்கு வேண்டுவதில்லை. குழந்தைகள் பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகின்றனர்.

புடைப்பு கடினமாகி உள்ளே செல்லாதிருந்தாலோ, குழந்தை ஓயாதழுது வாந்தியெடுத்தாலோ, நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். குருதியோட்டம் தடைப்பட்டால் குடல் அழுகும். விரையில் திடீரெனக் கடுவலி தோன்றினாலும் அவ்வாறே. அது முறுக்காயின் சுமார் 6 மணி நேரத்திற்குள் அறுவை நிகழ்ந்தால்தான் விரை பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

நம் ஊர்ப்புறங்களில் இவ்வீக்கத்தை ‘வாதம்’ என்பதுண்டு. அச்சொல்லை அப்படியே பெயர்த்தால் வேறு நோயாகிவிடும். இந்தியில் ‘ஆந்த் உதர்னா’ என்பர்; ‘குடல் இறங்குதல்’ என்பதே அதன் பொருள். அண்டை வீட்டாரின் சொல் நம் சொல்லுக்கு எவ்வளவு அருகில் உள்ளது! அத்தாயும் அச்சொல்லைக் கூறிப் படத்தைக் காட்டினாள், அறுவை நிகழ்ந்தது, குழந்தை நலமுற்றது.

ஆகவே, கூச்சம் களைந்து கண்டதைக் கண்டவாறே உரைப்போமாக.